கோடும் குளமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நம் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தைப் பற்றி ஒரு பதில் எழுதும்போது, "இந்த நாட்டுக் குளங்களைப் பற்றி ஹேக் நகரத்தில் ஒரு நீதியரசர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். அதற்குப் பிறகு தபாலிலும் வட்ஸ்அப்பிலும் வந்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். சரி, என்னுடைய பிழை. இந்த மாதம் மீன் விலை, வீதி விளக்கு எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும், முழுப் பக்கமும் நீதியரசர்மாருக்கே. புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நான் சட்டத்தரணி இல்லை, கோட்டில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் சொன்னதை மாற்றிச் சொல்லியே தலை நரைத்தது. அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கே: முதலியார் ஐயா, ஹேக்கில் எழுதின அந்த நீதியரசர் யார்? பேச்சுக்குச் சொன்னீர்களா, உண்மையிலேயே நடந்ததா? நாங்கள் குளக்கட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்கே தெரியாதே.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கந்தளாய்)

ப: நடந்ததுதான் மாஸ்டர். ஆளின் பெயர் சி. ஜி. வீரமந்திரி. 1926 நவம்பரில் கொழும்பில் பிறந்தவர், றோயல் கல்லூரியில் படித்தவர், 1948இல் அப்புக்காத்தானவர். (அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு சாதி இருந்த காலம் அது. இப்போது எல்லாரும் சட்டத்தரணிதான்.) 1967இல் உயர் நீதிமன்ற நீதியரசரானார், வயது 40. அந்தக் கதிரையில் ஒருவர் நாற்பது வயதில் போய் உட்காருவது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 1972இலேயே அதை விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் கதிரையில் இருந்திருக்கலாம், வழக்கமாக யாரும் விட்டுவிட்டுப் போகிற இடம் இல்லை அது. அங்கே இருந்தபடி 1987-88இல் நவுறு என்ற சின்னத் தீவுக்காக ஒரு விசாரணை ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தார். பொஸ்பேற்று தோண்டித் தோண்டி வெளிநாட்டார் அந்தத் தீவின் நடுப்பகுதியை எலும்புக்கூடாக்கியிருந்தார்கள், பாழான நிலத்தைத் திருத்திக் கொடுக்கிற பொறுப்பு யாருக்கு என்பதுதான் விசாரணை. பொஸ்பேற்று என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

1991இல் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியானார், ஒன்பது வருடம் இருந்தார், கடைசி மூன்று வருடம் அதன் உப தலைவர். இனிக் குளத்துக்கு வருகிறேன்.

ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் தன்யூப் நதியில் அணை கட்டுகிற சண்டை. 1977இல் ஒப்பந்தம் எழுதி வேலையைத் தொடங்கினார்கள், பிறகு சுற்றுச்சூழல் கெடும் என்று ஹங்கேரி பாதியில் கைவிட்டது, மற்றப் பக்கத்தார் விடாமல் ஆற்றைத் தங்கள் நிலத்துக்குள் திருப்பிக்கொண்டார்கள், வழக்கு ஹேக்குக்குப் போனது. 1997 செப்டெம்பரில் இரண்டு பேரும் பிழை செய்தீர்கள், பேசித் தீருங்கள் என்கிற மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. வீரமந்திரி அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போனார், ஆனால் தன் பங்குக்கு ஒரு தனிக் கருத்து எழுதிச் சேர்த்தார். அபிவிருத்தியும் வேண்டும், இயற்கையையும் காக்க வேண்டும் என்கிற கொள்கை 1992இல் றியோ மாநாட்டில் யாரோ கோட்டு சூட்டுப் போட்டவர்கள் கண்டுபிடித்தது இல்லை, இரண்டாயிரம் வருடமாக மனிதர்கள் அப்படி வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி, அதற்கு முதல் சாட்சியாக இலங்கையின் குளங்களைக் கூண்டில் ஏற்றினார்.

அதில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? பெருங்குளம், சிறுகுளம், அவற்றை இணைக்கிற வாய்க்கால், நீரின் வேகத்தை அடக்கித் துருசு (மதகு) வழியாக விடுகிற பிசோகொட்டுவ, வண்டல் வந்து பெருங்குளத்தை மூடாமல் மேலேயே மறித்து வைக்கிற சின்னக் குளம். எனக்கு மிகவும் பிடித்தது காட்டுக்குள் கட்டின குளம். அதிலிருந்து ஒரு வயலுக்கும் தண்ணீர் போகாது, யானையும் மானும் குடிப்பதற்கென்றே கட்டியது. வானத்தில் இருந்து விழுகிற ஒரு துளி நீரும் மனிதனுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்ற பராக்கிரமபாகு மன்னனின் கட்டளையும் இருக்கிறது. மிகிந்தலையில், புத்த சமயத்தை இங்கே கொண்டுவந்த மகிந்த தேரர் அரசனிடம் சொன்னதும் இருக்கிறது: பறவைக்கும் விலங்குக்கும் உனக்கு இருக்கிற அதே உரிமை இந்த நிலத்தில் உண்டு, நீ இதற்குக் காவலன் மட்டுமே.

அவர் பேசியது குளம் என்கிற முழு முறையைப் பற்றி, அதற்குள் நம்முடையதும் அடக்கம். உங்கள் ஊரில் குளக்கோட்டன் என்ற தமிழ் மன்னன் கட்டினான் என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சிங்கள மன்னன் கட்டினான் என்பார், அந்தத் தகராறு இந்தப் பக்கத்துக்குள் அடங்காது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கட்டு உடைந்தபோது நூறு பேருக்கு மேல் போனார்களே, தண்ணீர் யார் கட்டினது என்று கேட்டுவிட்டா வந்தது? காவலன் என்ற சொல்லை வாசிக்கும்போது எனக்கு அந்த விடியற்காலைதான் ஞாபகத்துக்கு வரும்.

கே: சேர், தமிழ்நாட்டுச் செய்தியில் "உச்ச நீதிமன்றம்" என்கிறார்கள், எங்கள் பாடப் புத்தகத்தில் "உயர் நீதிமன்றம்" என்று இருக்கிறது. எது பெரியது? மாமாவோடு பந்தயம் கட்டிவிட்டேன்.
(உயர்தர மாணவி, கிண்ணியா)

ப: இரண்டு பேரும் வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை மகள். இந்தியாவில் டெல்லியில் இருப்பது உச்ச நீதிமன்றம், அதற்குக் கீழே சென்னையில் இருப்பது உயர் நீதிமன்றம். இலங்கையில் கொழும்பு புதுக்கடையில் இருக்கிற ஆகப் பெரிய நீதிமன்றத்துக்குப் பெயரே உயர் நீதிமன்றம்தான். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். ஆகவே சென்னைக்காரர் "உயர் நீதிமன்றம் தீர்ப்பு" என்றால் அதற்கு மேலே இன்னொரு படி இருக்கிறது, கொழும்புக்காரர் சொன்னால் அதற்கு மேலே ஆகாயம்தான். முன்பு அதற்கு மேலேயும் லண்டனில் பிரிவி கவுன்சில் என்று ஒன்று இருந்தது, 1970களின் தொடக்கத்தில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். பந்தயக் காசைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதே கடிதத்தில் நீதியரசராக வர என்ன படிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்று பல்கலைக்கழகத்திலும் சட்டப் பட்டப்படிப்பு உண்டு, திறந்த பல்கலைக்கழகம் உண்டு, சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை உண்டு. அது முடிந்து புதுக்கடையில் சத்தியப்பிரமாணம் எடுத்தால் சட்டத்தரணி. அதற்கு அப்புறம் வழி மூன்றாகப் பிரியும். ஒன்று, நீதிச்சேவை ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி நீதவானாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. சி. வி. விக்னேஸ்வரன் அப்படித்தான் போனார், 2001 முதல் 2004 வரை உயர் நீதிமன்றத்தில் இருந்தார், அரசியலுக்கு வந்ததெல்லாம் பிறகு. இரண்டு, சட்டமா அதிபர் திணைக்களத்தில் சேர்ந்து அரசாங்கத்துக்காக வழக்குப் பேசிப் பேசி மேலே போவது, கே. ஸ்ரீபவன் போன வழி அது, 2015இல் பிரதம நீதியரசரானார். மூன்று, வெளியில் தொழில் செய்தோ படிப்பித்தோ பெயர் எடுத்து நேரே போவது. ஷிராணி பண்டாரநாயக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 1996இல் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசரானார். 2011இல் பிரதம நீதியரசர், 2013இல் பாராளுமன்றம் குற்றப்பிரேரணை கொண்டுவந்து வெளியேற்றியது, 2015 ஜனவரியில் திரும்பிவந்து ஒரு நாள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார். அந்த ஒரு நாளுக்காக அவர் வந்தாரே, அதை நான் மதிக்கிறேன்.

நியமிப்பவர் ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவை சம்மதிக்க வேண்டும். ஓய்வு 65 வயதில். 2020 வரை பிரதம நீதியரசரோடு சேர்த்து ஆகக் கூடியது 11 பேர், இப்போது 17 வரை இருக்கலாம். 17 கதிரை, அதில் ஒன்றுக்குக் கிண்ணியாவில் இருந்து ஒரு பிள்ளை வரக்கூடாதா என்ன? ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து நீதவான் கோட்டில் தமிழில் வழக்கு நடக்கும், ஆனால் புதுக்கடையில் மேலே போகப் போக எல்லாம் ஆங்கிலம்தான். நம்முடைய வழக்கேடு முழுவதும் மொழிபெயர்ந்து போய்த்தான் அங்கே பேசும். ஒரு சொல்லை நான் மாற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவு நித்திரை வராது.

கே: வீரமந்திரி தனியாகக் கருத்து எழுதினார் என்கிறீர்கள். தீர்ப்பு என்றால் பெரும்பான்மை சொன்னதுதானே? மிச்சப் பேர் எழுதுவதை யார் வாசிக்கப் போகிறார்கள்? வெறும் கடதாசிதானே அண்ணன்?
(வாசகர், சீனக்குடா)

ப: தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் சீனக்குடாவில் இருந்து கேட்பதுதான் வேடிக்கை. அந்தக் கடதாசி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று உங்கள் ஊர்.

அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவலை என்ற இடத்தில் பொஸ்பேற்றுப் படிவம் இருக்கிறது, 1971இல் கண்டுபிடித்தது. 1990களில் ஒரு அமெரிக்கக் கம்பனியோடு சேர்ந்து அதை முப்பது வருடத்துக்குத் தோண்டுவதற்கு அரசாங்கம் உடன்படிக்கை ஒன்றுக்கு ஆயத்தமானது. நம் நாட்டுத் தேவைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பல நூறு வருடம் வரக்கூடிய பண்டம் அது. தோண்டினதை என்ன செய்வது? திருகோணமலைக்குக் கொண்டுவந்து அமிலத்தில் போட்டு உரமாக்குகிற ஆலை கட்டுவது, கப்பலில் ஏற்றுவது. ஆமாம், நம்முடைய துறைமுகம்தான். எப்பாவலைக் கதை தெரிந்தவர்களுக்கும் இந்தத் திருகோணமலைப் பாதி அவ்வளவாகத் தெரியாது.

எப்பாவலை ஆட்கள் ஏழு பேர், விகாரைத் தேரர் ஒருவரும் கமக்காரருமாக, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்கள். வீடு போகும், வயல் போகும், பழைய யோத எல வாய்க்கால் போகும் என்று. அரச தரப்பு, பொது நலன் வழக்குக்கு இவர்கள் யார், நாட்டின் கனிமம் அரசாங்கத்தின் முடிவு என்று வாதாடியது. 2000 ஜூனில் நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க தீர்ப்பு எழுதினார். எழுதும்போது எதை எடுத்தார் தெரியுமா? மூன்று வருடத்துக்கு முன்னர் ஹேக்கில் வீரமந்திரி எழுதிய அதே தனிக் கருத்தை. குளம், பராக்கிரமபாகு, மகிந்த தேரர், காவலன், எல்லாம் வரிசையாக வந்தது. அரசன் வெறும் காவலன் என்றால் அமைச்சரும் வெறும் காவலன்தானே, வருங்காலப் பிள்ளைகளின் சொத்தை இவர்கள் எப்படி ஒரு தலைமுறைக்குள் விற்றுத் தீர்க்கலாம்? படிவம் எவ்வளவு, எப்படிப்பட்டது என்று முழுதாக ஆராய்ந்து முடிவை வெளியிடு, சட்டப்படி சூழல் அறிக்கை எடு, அதற்கு முதல் உடன்படிக்கையில் கைவைக்காதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலையும் வரவில்லை.

இதில் இருக்கிற அழகைப் பாருங்கள். குளத்தைக் கட்டினவன் இங்கே, அதைப் பற்றி எழுதினவர் ஹேக்கில், எழுதினதைத் திருப்பி எடுத்துக்கொண்டது புதுக்கடை, அதனால் அமில ஆலை வராமல் போனது உங்கள் குடாவுக்கு. ஆலை வந்திருந்தால் வேலை வந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன், வேலையில்லாத பிள்ளைகள் என் வீட்டிலும் இருந்தார்கள். ஆனாலும் ஆலைக் கழிவு எங்கே போயிருக்கும் என்று யோசித்தால், கடலில் வலை போடுகிற ஆட்களின் பக்கம்தான் நான்.

பிறகு மூதூர்ப் பக்கம் சம்பூரில் கட்டுவதற்கு இருந்த அனல் மின்நிலையம். அதுவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2016 செப்டெம்பரில் அங்கே கட்டப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பே நீதிமன்றத்தில் சொல்லி முடித்தது. அதற்கும் எப்பாவலைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் சூழலுக்காக ஊர்க்காரர் புதுக்கடைக்குப் போகலாம் என்ற பாதையை வெட்டிவிட்டவர்களில் அந்த ஏழு பேரும் அடக்கம்.

கே: அணுகுண்டு வழக்கில் இராமாயணத்தை மேற்கோள் காட்டின நீதிபதி இவர்தான் என்று மகன் சொல்கிறான். அப்படியா?
(அம்மா ஒருவர், கோணேசர் கோயிலடி)

ப: மகன் சொன்னது சரிதான் அம்மா. அணு ஆயுதத்தைப் பாவிப்பது, பாவிப்பேன் என்று வெருட்டுவது, இரண்டும் சட்டப்படி சரியா என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஹேக் நீதிமன்றத்திடம் கேட்டது. 1996 ஜூலை 8இல் பதில் வந்தது. பொதுவாகச் சட்டத்துக்கு முரண், ஆனால் ஒரு நாடு அழிந்துபோகிற கடைசிக் கட்டத்தில் தற்காப்புக்காக என்றால் அப்போது என்ன என்று தங்களால் அறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பந்திக்கு வாக்கு 7க்கு 7. தலைவராக இருந்த அல்ஜீரியாக்காரர் பெஜாவி தன் மேலதிக வாக்கைப் போட்டுத்தான் நிறைவேறியது. எதிர்த்த ஏழு பேரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. வீரமந்திரியும், கயானாக்காரர் ஒருவரும், சியரா லியோன்காரர் ஒருவரும் எதிர்த்தது அந்த வாலுக்காக. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது, விதிவிலக்கே கிடையாது என்று வீரமந்திரி நீண்ட மறுப்புத் தீர்ப்பு ஒன்று எழுதினார்.

அதில் போர் தர்மம் என்பது ஐரோப்பாவில் பிறந்தது இல்லை என்று காட்ட நம் பக்கத்துக் கதைக்கு வருகிறார். பகைவனின் குலத்தையே, ஆயுதம் தூக்க முடியாதவர்களையும் சேர்த்து, அழித்துவிடக்கூடிய ஆயுதம் ஒன்று இருந்தது, அதை இலக்குமணன் பாவிக்கக்கூடாது என்று இராமன் தடுத்தான், இராவணன் பக்கத்தில் நியாயம் இல்லாதபோதும் கூட்டத்தோடு அழிப்பது தர்மம் இல்லை என்று. ஒரு இலங்கைக்காரர், அதுவும் கிறிஸ்தவப் பெயர் உள்ள சிங்களவர், உலக நீதிமன்றத்தில் உட்கார்ந்து இலங்கை ஆட்களைக் கூட்டத்தோடு கொல்லாமல் விட்ட கதையைச் சாட்சிக்கு இழுக்கிறார். நீங்கள் தினமும் இராவணன் வெட்டு என்கிற மலைப் பிளவைக் கடந்து கோயிலுக்குப் போகிறவர், உங்களுக்கு இது இனிக்காமல் யாருக்கு இனிக்கும்? 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரன் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டதைப் பார்த்த தலைமுறை நம் ஊரில் இருந்தது. அது அணுகுண்டு இல்லை. அதற்கே சனம் காட்டுக்குள் ஓடியது என்று என் அம்மம்மா சொல்லுவார்.

கே: எனக்குப் பதவி உயர்வு தராமல் விட்டு நாலு மாதம் ஆகிறது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா? பெயர் போட வேண்டாம்.
(மூதூர்)

ப: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போயிருக்க வேண்டும் தம்பி. நம் சனம் அதிகம் கோட்டை விடுகிற இடம் இதுதான். மேலதிகாரிக்கு மனு, பிறகு செயலாளருக்கு மனு, பிறகு எம்பியின் வீட்டு வாசல், பிறகு கோயில் நேர்த்தி, எல்லாம் முடிந்து பார்த்தால் மாதம் நாலு. ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் வராது, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வசதி உண்டு, திருகோணமலையிலேயே அவர்களுடைய பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டை மட்டும் நீட்டினால் போதாது, உண்மையில் விசாரணை நடக்கிறது என்று காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்கும். இன்னொன்று, அரசாங்கத்தின் நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான் இந்த வழக்கு, தனியார் கம்பனி என்றால் வேறு வழி. இன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், அடுத்த இதழ் வரும்வரை எனக்குக் காத்திருக்க வேண்டாம். புதுக்கடைக்குத் தவணைக்குப் போவதென்றால் இரவு ரயில்தான் நல்லது, விடிய இறங்கலாம், விடுதிச் செலவு மிச்சம்.

கே: தமிழர் யாராவது பிரதம நீதியரசராக இருந்து நம் ஊருக்கு ஏதாவது நடந்ததா?
(உப்புவெளி)

ப: நடந்தது, பிறகு கலைந்தது. எஸ். சர்வானந்தா, 1984 முதல் 1988 வரை பிரதம நீதியரசர். 1987இல் 13ஆவது திருத்தம் அரசியலமைப்புக்கு உடன்பாடா என்று பார்க்க ஒன்பது நீதியரசர்கள் உட்கார்ந்தார்கள், இவர் தலைமையில். ஐந்துக்கு நாலு என்று பிரிந்தது. அந்த ஒரு தலை வித்தியாசத்தில்தான் மாகாண சபை வந்தது, வடக்கும் கிழக்கும் இணைந்து திருகோணமலை தலைநகரானது. பிறகு 2006 ஒக்டோபரில் அதே உயர் நீதிமன்றம், வேறு நீதியரசர்கள், அந்த இணைப்புச் செய்த முறை செல்லாது என்று தீர்த்தது. 2007 பிறக்கும்போது நாம் கிழக்குக்கு மட்டும் தலைநகர். இரண்டு தீர்ப்பையும் பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள், முதலியார்மாருக்குக் கருத்து கிடையாது.

கே: எங்கள் தாத்தா, "சுப்ரீம் கோட்டு ஐயா சிவப்பு உடுப்போடு வந்தவர்" என்று சொல்லுவார். அவ்வளவு பெரிய நீதிபதி கிழக்குக்கு ஏன் வந்தார்?
(நிலாவெளி)

ப: தாத்தா சொன்னது சரி. 1974க்கு முதல் கொலை மாதிரிப் பாரிய வழக்குகளை உயர் நீதிமன்ற நீதியரசரே சுற்றில் வந்து விசாரிப்பார், கிழக்குச் சுற்று, வடக்குச் சுற்று என்று. சிவப்பு அங்கி, ஏழு பேர் ஜூரி, தமிழ் பேசுகிற ஜூரிமாரும் உண்டு. நீதியரசர் வருகிறார் என்றால் ஊரே வேடிக்கை பார்க்கும். 1973ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்ற அமைப்பையே மாற்றி, மேல் நீதிமன்றங்கள் வந்து, சுற்று நின்றது. இப்போது அவர்கள் வருவதில்லை, நாம் போகிறோம்.

கே: வீரமந்திரி ஐந்து வருடத்தில் கதிரையை விட்டுவிட்டு வெளிநாடு போனவர்தானே. இங்கே இருந்து நமக்காக என்ன செய்தார்? நீங்கள் ஏன் இப்படித் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்?
(வாசகர், பாலையூற்று)

ப: ஐந்து வருடம் என்பது சரி, மறுக்கவில்லை. கதிரையில் 65 வரை இருந்து பென்சன் எடுத்த எத்தனையோ பேரின் பெயர் சட்ட அறிக்கைப் புத்தகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இவர் எழுதினதை எப்பாவலைக் கமக்காரனுக்காக எடுத்து வாசிக்க முடிந்தது. எனக்கு அது போதும், உங்களுக்குப் போதாது என்றால் அதுவும் நியாயம்தான். ஓய்வுக்குப் பிறகு கொழும்புக்குத் திரும்பி வந்து சமாதானக் கல்விக்கென்று ஒரு நிலையம் நடத்தினார், 2006இல் யுனெஸ்கோ பரிசு, 2007இல் மாற்று நோபல் என்கிறார்களே அது. 2017 ஜனவரி 5இல் காலமானார், வயது 90.

கே: நேரில் பார்த்திருக்கிறீர்களா?
(அதே வாசகர், வேறு மையில்)

ப: இல்லை. ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றி 1967இல் அவர் எழுதி வெளியிட்ட புத்தகம் இரண்டு பாகம், செங்கல் மாதிரிக் கனம். அதை நீதிபதியின் அறையில் இருந்து மேசைக்கும் மேசையில் இருந்து அறைக்கும் எத்தனை தரம் தூக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு நாள் இரண்டாம் பாகம் காலில் விழுந்து பெருவிரல் நகம் போனது. அந்த நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது.